கல்குவாரிக் குழியில் செம்மஞ்சள் தண்ணீர்: அது சுரங்க அமிலமா, சுண்ணாம்பு போட்டால் தீருமா?

முல்லைத்தீவு மாவட்டம், ஒட்டுசுட்டான் பக்கம் கைவிடப்பட்ட ஒரு கருங்கல் குவாரிக் குழியில் தண்ணீர் செம்மஞ்சளாக நிற்கிறது, பக்கத்து வளவுக் கிணற்றிலும் அந்த நிறம் வருகிறது, கொஞ்சம் தள்ளி இன்னொரு குவாரி இப்போதும் வெடி வைத்துக் கல் உடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சுரங்கங்களிலிருந்து வரும் அமிலத் தண்ணீர் பற்றிய காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, எங்கள் தண்ணீரும் அப்படித்தானா, குழிக்குள் சுண்ணாம்பு கொட்டினால் சரியாகுமா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, இது அமிலத் தண்ணீரா என்று எப்படித் தெரிந்துகொள்வது. மற்றது, அமிலம் என்றால் என்ன செய்வது. இரண்டுக்கும் அடியில், அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்ற கவலையும் தெரிகிறது. நான் புவிச்சரிதவியல் படித்து, வெளிநாட்டில் நிலக்கரி, உலோகச் சுரங்கங்களின் தண்ணீரைக் கையாளும் வேலையில் நீண்ட காலம் இருந்தவன். பிறந்து வளர்ந்தது இலங்கையின் வன்னியில். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் என் கணிப்பு: நீங்கள் சொல்வது சுரங்க அமிலமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் படத்தைப் பார்த்து அதை உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. நிறம் சாட்சி அல்ல. பெரும் அமிலத் தண்ணீர் சில நேரம் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், தீங்கில்லாத இரும்புத் தண்ணீர் பார்க்கவே பயமாக இருக்கும்.

சுரங்க அமிலம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கும். சில பாறைகளுக்குள் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைற் என்ற கனியம் இருக்கிறது. பித்தளை நிறத்தில், பல நேரம் சிறு சிறு கட்டைகளாக மின்னும். நிலத்துக்கு அடியில், காற்றுப் படாமல் இருக்கும் வரை அது கோடி வருடமானாலும் சும்மா கிடக்கும். சுரங்கம் வெட்டும்போது பாறை உடைந்து தூளாகிறது, காற்றும் மழையும் அதற்குள் போகின்றன. பைரைற், ஒட்சிசன், தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் கந்தக அமிலமும் கரைந்த இரும்பும் வரும். தொடக்கத்தில் இது மெதுவாகத்தான் நடக்கும். தண்ணீர் ஓரளவு அமிலமானதும், அமிலத்தில் வாழும் ஒரு வகைப் பற்றீரியா பெருகி, கரைந்த இரும்பை இன்னும் ஒட்சியேற்றுகிறது. அப்படி மாறிய இரும்பே பிறகு புதிய பைரைற்றைத் தின்னத் தொடங்கும். பற்றீரியா இல்லாத நிலையோடு ஒப்பிட்டால் அந்த இரும்பு மாற்றம் லட்சக்கணக்கான மடங்கு வேகமாகிறது. அந்தக் கட்டத்தைத் தாண்டிய பிறகு, அது தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் ஒரு தொழிற்சாலை.

அமிலம் மட்டும் என்றால் அவ்வளவு பயமில்லை. அந்த அமிலம் பாறையில் இருக்கும் மற்ற உலோகங்களையும் கரைத்துக்கொண்டு வரும்: செம்பு, நாகம் (துத்தநாகம்), கட்மியம், அலுமினியம், சில இடங்களில் ஆசனிக் என்ற நஞ்சு. மீனைக் கொல்வது பெரும்பாலும் இவைதான். பிறகு இந்தத் தண்ணீர் ஒரு ஆற்றில் கலந்து அமிலம் குறையும்போது இரும்பு வெளியே படிந்து, ஆற்றின் அடியில் செம்மஞ்சள் சேறாகப் பரவும். கல்லுக்கு அடியில் வாழும் பூச்சிகள் மூச்சடைத்துப் போகும், அதோடு மீனின் சாப்பாடும் போய்விடும்.

இது எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதுதான் இந்தத் துறையில் இருக்கிறவர்களை இன்றும் தூங்கவிடாத கேள்வி. கலிபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்துக்குள் எடுத்த தண்ணீரின் பிஎச் பெறுமானம் (அமிலத்தை அளக்கும் எண், 7 நடுநிலை, குறையக் குறைய அமிலம் கூடும்) பூச்சியத்துக்கும் கீழே, மைனஸ் 3.6 என்று பதிவாகியிருக்கிறது. மின்கல அமிலத்தை விடப் பல மடங்கு கடுமையானது. அங்கே மலைக்குள் மிஞ்சியிருக்கும் கனியம் இன்னும் சுமார் 3,000 வருடம் அமிலம் தரக்கூடும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இங்கிலாந்தின் கோர்ன்வோலில் வீல் ஜேன் என்ற வெள்ளீயச் சுரங்கம் 1991இல் மூடப்பட்டது, பம்புகள் நின்றன, நிலத்தடி நீர் மெல்ல மெல்ல ஏறியது. 1992 ஜனவரியில் சுமார் 5 கோடி லீற்றர் அமிலத் தண்ணீர் உடைத்துக்கொண்டு ஃபால் ஆற்று முகத்துவாரத்துக்குள் பாய்ந்தது. அங்கே இன்றும் தண்ணீரை இறைத்துச் சுத்திகரிக்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோவில் 2015 ஆகஸ்ட் 5ஆம் திகதி, நாட்டின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் ஆட்களே கோல்ட் கிங் என்ற பழைய தங்கச் சுரங்கத்தின் வாசலைப் பரிசோதிக்கத் தோண்டியபோது, உள்ளே தேங்கியிருந்த சுமார் 1 கோடி 10 லட்சம் லீற்றர் வெளியே வந்து அனிமாஸ் ஆறு முழுவதும் மஞ்சளாகியது. இயங்கும் சுரங்கத்துக்காவது ஒரு முதலாளி இருப்பார், பம்பு ஓடும். கைவிடப்பட்ட சுரங்கத்துக்கு யாரும் இல்லை. எங்களுக்குக் கிட்டிய உதாரணம் இந்தியாவின் மேகாலயா. அங்கே ஜைந்தியா மலைகளில் எலிப்பொந்து போன்ற குழிகளில் தோண்டப்படும் நிலக்கரியில் கந்தகம் அதிகம். ஆறுகள் அமிலமாகி மீன்கள் அற்றுப்போன பிறகு, 2014 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்தத் தோண்டலைத் தடை செய்தது. ஒவ்வொரு குழியும் சின்னது, ஆனால் ஆயிரக்கணக்கில் குழிகள்.

இனி வன்னிக்கு வருவோம். எங்கள் நிலத்தின் அடியில் இருப்பது மிகப் பழைய படிகப் பாறை. இலங்கையின் அடித்தளப் பாறைகளைப் பிரிக்கும்போது ஒரு பெரும் பிரிவுக்கு வன்னித் தொகுதி என்றே பெயர். நீங்கள் கருங்கல் என்று சொல்லும் குவாரிக் கல் பெரும்பாலும் இந்த வகைதான்: குவார்ட்ஸ், களிக்கல் (பெல்ட்ஸ்பார்), கரு அப்பிரகம் (மைக்கா) ஆகிய கனியங்கள் கலந்தது. இதில் பைரைற் பொதுவாக அங்கங்கே ஒரு பொட்டாக இருந்தாலும் அமிலத் தொழிற்சாலை நடத்தும் அளவுக்கு இருப்பதில்லை. மேற்கே மன்னார் பக்கமும் வடக்கே யாழ்ப்பாணம் நோக்கியும் போனால் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் வருகிறது. அமிலத்தை அடக்குவதே அந்தக் கல்தான். காங்கேசன்துறையில் சீமெந்துக்காகத் தோண்டிய பெரிய குழிகளில் தண்ணீர் நின்றாலும் அங்கே அமிலம் வராததற்குக் காரணம் இதுவே. அங்குள்ள சிக்கல் உப்பு.

ஆகவே வன்னியிலும் அதன் ஓரத்திலும் நடக்கும் அகழ்வுகள், அதாவது கருங்கல், கிரவல், ஆற்று மணல், களிமண், கொக்கிளாய்க்குத் தெற்கே புல்மோட்டையில் இல்மனைற் என்ற கனிய மணல், இவற்றில் எதுவும் சுரங்க அமிலத்துக்குப் பேர்போன வகை அல்ல. இவற்றால் கேடு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆற்று மணலை அள்ளினால் கரை இடிகிறது, பக்கத்துக் கிணறுகள் வற்றுகின்றன, கடலோரத்தில் உப்பு ஏறுகிறது. கிரவல் குழிகளில் பிள்ளைகள் விழுந்து இறக்கிறார்கள். இவை தனித்தனிச் சண்டைகள், தனித்தனிச் சான்றுகள் வேண்டும். அமிலம் என்று தவறான பெயர் வைத்துக்கொண்டு போனால், எதிர்த்தரப்பு பிஎச் பெறுமானத்தை ஒரே நாளில் அளந்து காட்டி உங்கள் முழு முறைப்பாட்டையும் தள்ளிவிடும். அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அப்படியானால் அந்தச் செம்மஞ்சள் எங்கிருந்து வருகிறது? அதிகம் நடப்பது இதுதான்: நிலத்தடியில் ஒட்சிசன் இல்லாத இடத்தில் இரும்பு நிறமில்லாமல் கரைந்து நிற்கும். கிணற்றிலிருந்து எடுத்த தண்ணீர் முதலில் தெளிவாக இருக்கும், ஒரு மணித்தியாலம் வாளியில் வைத்தால் பழுப்பாகிவிடும். வன்னியில் குழாய்க்கிணறு வைத்திருக்கும் வீட்டில் இதைப் பார்க்காதவர் குறைவு. வெள்ளைத் துணி தோய்த்தால் மஞ்சளாகும், தேத்தண்ணீர் கறுத்துப் போகும். இரும்பு உண்ணும் பற்றீரியா குழியின் ஓரத்தில் எண்ணெய்ப் படலம் போல மின்னும். ஒரு தடியால் குத்திப் பாருங்கள். கண்ணாடித் துண்டுகள் மாதிரி உடைந்து அப்படியே நின்றால் அது பற்றீரியா, உடனே திரும்ப ஒன்றுசேர்ந்தால் உண்மையான எண்ணெய். மழைக்குச் செம்மண் கழுவி வந்தாலும் இதே நிறம் வரும், ஆனால் அது சில நாளில் அடியில் படிந்து தெளியும்.

உண்மையான சுரங்க அமிலத்தை வேறுபடுத்திக் காட்ட மூன்று எண்கள் போதும்: பிஎச், சல்பேற்று (கந்தக அமிலம் தண்ணீரில் விட்டுச் செல்லும் உப்பு), மின்கடத்துதிறன் (கரைந்த உப்பு எவ்வளவு என்பதைக் காட்டுவது). பிஎச் 4க்குக் கீழே, சல்பேற்று லீற்றருக்கு நூற்றுக்கணக்கில் அல்லது ஆயிரக்கணக்கில் மில்லிகிராம், கடத்துதிறனும் உயர்வு என்றால் கவலைப்படத்தான் வேண்டும். இரும்பு இருந்தும் பிஎச் 7க்குப் பக்கத்தில், சல்பேற்றும் குறைவு என்றால் அது சாதாரண நிலத்தடி இரும்பு. பிஎச் கணக்கில் ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது, 7க்கும் 4க்கும் இடையில் ஆயிரம் மடங்கு. பக்கத்துப் பாடசாலை ஆய்வுகூடத்தில் பிஎச் தாள் இருக்கும். அதுவும் கிடைக்காவிட்டால் செவ்வரத்தைப் பூவை வெந்நீரில் ஊறவைத்த சாற்றை விட்டுப் பாருங்கள், கடும் அமிலத்தில் நல்ல சிவப்பாகும். அது ஒரு அறிகுறி மட்டும்தான், முறைப்பாட்டுக் கடிதத்தில் எழுதும் சான்று ஆகாது.

இங்கே ஒரு நுணுக்கம். பிஎச் 6 என்று வந்தவுடன் தப்பினோம் என்று நினைக்கக்கூடாது. கரைந்த இரும்பு நிறைய இருந்தால், காற்றுப் பட்டு அது படியும்போதே அமிலம் பிறக்கும். சுரங்க வாசலில் 6 காட்டும் தண்ணீர் கொஞ்சத் தூரம் ஓடியதும் 3.5 ஆவதைக் கண்டிருக்கிறேன். ஆகவே பிஎச்சை அந்த இடத்திலேயே அளக்க வேண்டும். போத்தலில் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேரும் நேரத்தில் எண் மாறிவிடும். உலோகம் பார்ப்பதற்குத் தனிப் போத்தல் வேண்டும், அதை வடிகட்டி ஒரு துளி சுத்தமான நைத்திரிக் அமிலம் விட்டு அனுப்புவார்கள். ஆய்வுகூடத்திடமே போத்தல் கேட்டு வாங்குங்கள், சோடாப் போத்தல் சரிவராது. அமிலத்தன்மையும், அதை அடக்கும் காரத்தன்மையும் சேர்த்துக் கேட்கவேண்டும், இரண்டில் எது மிஞ்சுகிறது என்பதே முடிவு.

எப்போது எடுப்பது என்பது எடுப்பதை விட முக்கியம். வன்னியில் சுமார் எட்டு மாதம் கடும் வெயில், மழை ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை கொட்டும். பைரைற் உள்ள பாறை கோடையில் காயும்போது மேற்பரப்பில் மஞ்சள், வெள்ளை உப்புகள் பூக்கும். அந்த உப்பு உறைந்த அமிலம். முதல் மழையில் அத்தனையும் ஒன்றாகக் கரைந்து ஓடும். ஓகஸ்டில் எடுத்த மாதிரி சுத்தமாகவும், ஒக்டோபரில் முதல் மழைக்கு அடுத்த நாள் எடுத்த மாதிரி பயங்கரமாகவும் இருக்கலாம். இரண்டையும் எடுங்கள். இரண்டும் நல்லதாக வந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

உங்கள் குழியில் எனக்கு உண்மையில் சந்தேகமாக இருப்பது வேறு சில விடயங்கள். வெடி வைக்கும் குவாரிகளில் அமோனியம் நைத்திரேற்று பாவிக்கிறார்கள். வெடிக்காமல் மிஞ்சியது தண்ணீரில் கரைந்து நைத்திரேற்றாகக் கிணற்றுக்குப் போகும், கைக்குழந்தைக்கு அது கேடு, நிறமோ மணமோ இல்லை. அடுத்தது, கைவிடப்பட்ட குழி என்றால் எல்லோரும் குப்பை கொட்டும் இடமாகிவிடும். பழைய பற்றரி, எரிந்த வாகனத்தின் துண்டுகள், ஒயில். பற்றரி அமிலமும் ஈயமும் சேர்ந்தால், பாறையில் பைரைற் ஒரு துளி இல்லாமலே தண்ணீர் அமிலமாகத்தான் காட்டும். ஆகவே ஆய்வுக்கு அனுப்பும்போது நைத்திரேற்று, ஈயம், ஆசனிக் மூன்றையும் கட்டாயம் சேர்த்துக் கேளுங்கள். இன்னொன்று, இதை நான் மன்றாடிக் கேட்கிறேன்: முல்லைத்தீவு மாவட்டத்தில் பழைய குழிகளுக்குள் இறங்கிக் கிண்டாதீர்கள். போரில் வெடிக்காமல் மிஞ்சிய பொருட்கள் கிடக்கலாம். கரையில் நின்று கயிற்று வாளியால் தண்ணீர் எடுத்தால் போதும். ஏதாவது தட்டுப்பட்டால் தொடாமல் பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கோ சொல்லுங்கள்.

குடிக்கலாமா என்ற கேள்விக்கும் இங்கேயே வருகிறேன். இலங்கைக் குடிநீர்த் தரம், எஸ்எல்எஸ் 614, பிஎச் 6.5 முதல் 8.5 வரை, இரும்பு லீற்றருக்கு 0.3 மில்லிகிராம், சல்பேற்று 250, புளோரைட்டு 1.0 என்று வரம்பு வைத்திருக்கிறது. இரும்பு கூடிய தண்ணீர் ருசியைக் கெடுக்கும், துணியைக் கெடுக்கும், பெரும்பாலானவர்களின் உடலை அல்ல. வன்னியில் கண்ணுக்குத் தெரியாத புளோரைட்டும் தண்ணீரின் கடினத்தன்மையும்தான் எனக்குப் பெரிய கவலை. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் ஏன் கூடியிருக்கிறது என்பதற்குக் காரணம் இன்னும் முடிவாகவில்லை, தண்ணீர் ஒரு முக்கிய சந்தேகமாக இருக்கிறது. உங்கள் கிணறு தெளிவாக இருந்தாலும் புளோரைட்டு பாருங்கள். அறிக்கை வரும் வரை, அந்தப் பழுப்புக் கிணற்றைக் குளிக்க, தோய்க்க வைத்துக்கொண்டு, குடிக்க, சமைக்க, பால்மா கரைக்க வேறு தண்ணீர் எடுங்கள். கொதிக்கவைத்தால் உலோகமும் நைத்திரேற்றும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அவை கூடவே செய்யும்.

சரி, இப்போது அமிலம்தான் என்று வந்தால் என்ன செய்வது? சுண்ணாம்பு கேள்விக்கு நேரடிப் பதில்: வேலை செய்யும், ஆனால் கொட்டுவதால் தீராது. ஒரு கணக்குப் பார்ப்போம். 50 மீற்றர் நீளம், 40 மீற்றர் அகலம், 5 மீற்றர் ஆழம் என்றால் 1 கோடி லீற்றர் தண்ணீர். ஒரு லீற்றரை அடக்க 500 மில்லிகிராம் சுண்ணாம்புக்கல் கேட்கும் அளவுக்கு அமிலத்தன்மை இருந்தால், முழுக் குழிக்கும் 5 தொன் சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். நடைமுறையில் முழுவதும் கரையாததால் இன்னும் கூட. போட்டு முடித்தாலும் குழியின் சுவரில் பைரைற் அப்படியே இருக்கிறது, அடுத்த மாரிக்குப் புது அமிலம் வரும். சுட்ட சுண்ணாம்பை அளவில்லாமல் கொட்டினால் பிஎச் 11, 12 வரை ஏறி இருக்கும் தவளையும் செத்துவிடும், கையும் கண்ணும் வெந்துபோகும். அளக்காமல் எதையும் போடாதீர்கள்.

இயங்கும் சுரங்கங்களில் நாங்கள் செய்தது: தண்ணீரை ஒரு தொட்டிக்கு இறைத்து, நீர்த்த சுண்ணாம்புக் கரைசலை அளந்து விட்டு, காற்று ஊதி, இரும்பையும் மற்ற உலோகத்தையும் சேறாகப் படியவைத்துத் தெளிந்த தண்ணீரை மட்டும் விடுவது. ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு பிஎச் இருக்கிறது. ஒட்சியேறிய இரும்பு 3.5 அளவிலேயே படியத் தொடங்கும், அலுமினியம் 5 அளவில், நாகத்துக்கு 9 வேண்டும், மங்கனீசு அதற்கும் மேலே கேட்கும். இது நம்பகமான முறை. ஆனால் மின்சாரம், சுண்ணாம்பு, ஆள் மூன்றும் வருடா வருடம் வேண்டும், சேறு மலைபோலச் சேரும். சாதாரணமாக அந்தச் சேற்றில் திண்மம் நூற்றுக்கு 5 கூட இராது, மற்றதெல்லாம் தண்ணீர். சேற்றைத் திரும்பத் திரும்பத் தொட்டிக்குள் விட்டு 20, 30 வரை இறுக்கலாம். அப்போதும் அதைப் போடப் பாதுகாப்பான இடம் வேண்டும். சல்பேற்று பெரும்பாலும் தண்ணீரிலேயே மிஞ்சிவிடும் என்பதையும் விற்கிறவர்கள் சொல்லமாட்டார்கள்.

கைவிடப்பட்ட இடங்களுக்கு ஆள் இல்லாமல் ஓடும் முறைகள் இருக்கின்றன. ஒட்சிசன் இல்லாமல் வரும் தண்ணீரைக் காற்றுப் புகாமல் மூடிய சுண்ணாம்புக்கல் வாய்க்கால் வழியாக விடுவது ஒன்று. தண்ணீரில் ஒட்சிசனோ அலுமினியமோ இருந்தால், தோசைக்கல்லில் கரி பிடிப்பது போலக் கல்லின் மேல் ஒரு பூச்சுப் பிடித்து, உள்ளே கல் இருந்தும் பயனில்லாமல் போகும். இது வேலை செய்யாமல் போன இடங்களில் நான் கண்ட முதல் காரணம் இதுதான், தண்ணீரைச் சரியாக ஆராயாமலே கல்லைக் கொட்டியிருப்பார்கள். மற்றது சதுப்பு முறை. வைக்கோல், மாட்டெரு, மரத்தூள் போன்ற மக்கும் பொருளையும் சுண்ணாம்புக்கல்லையும் கலந்த படுக்கைக்குள் தண்ணீரை இறக்கினால், காற்றில்லாத அந்தச் சேற்றில் வாழும் வேறு பற்றீரியாக்கள் சல்பேற்றைத் திரும்பச் சல்பைட்டு என்ற கந்தகச் சேர்மமாக மாற்றி உலோகங்களைக் கறுப்புப் படிவாகப் பிடித்துவைக்கும். கூழ்முட்டை மணம் வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அதைத் தாண்டி வரும் தண்ணீரைச் சம்பு வளர்ந்த ஆழமில்லாத குளத்தில் விட்டால் மிச்ச இரும்பும் படியும். வெப்ப நாட்டில் இந்தப் பற்றீரியாக்கள் குளிர் நாட்டை விட நன்றாக உழைக்கும், அது எங்களுக்கு நல்லது. ஆனால் படுக்கை காயக்கூடாது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தண்ணீர் வராமல் காய்ந்துவிட்டால் பிடித்து வைத்த அத்தனையும் திரும்ப அமிலமாகும்.

இதே காரணத்துக்காகத்தான் வெளிநாட்டுப் புத்தகத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்று நான் வாதாடுவேன். கனடாவில் அமிலக் கழிவுப் பாறையைத் தண்ணீருக்கு அடியில் மூழ்கடித்து வைக்கிறார்கள். அருமையான முறை: காற்றை விடத் தண்ணீருக்குள் ஒட்சிசன் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் ஊடுருவும். ஆனால் வன்னியில் வருட மழை 1,300 மில்லிமீற்றர் அளவு, வெயில் குடிக்கும் ஆவியாதல் அதை விட அதிகம். வருடா வருடம் வற்றும் குளத்துக்கு அடியில் பைரைற் வைத்தால், நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து, சும்மா வெளியில் விட்டதை விட மோசமாகும். எங்களுக்குக் களிமண் மூடிதான் பொருத்தம், அதற்கும் கோடையில் வெடிக்காத களி வேண்டும். இன்னொரு வேறுபாடு எங்கள் குளத் தொடர்கள். மேல் குளத்தில் வான் பாயும் தண்ணீர் கீழ்க் குளத்துக்கு, அதன் கழிவுத் தண்ணீர் அதற்கும் கீழே உள்ள வயலுக்கு என்று எல்லாம் ஒன்றோடொன்று கோர்த்திருக்கிறது. கனகராயன் ஆற்றின் மேற்பக்கத்தில் ஒரு கேடு விழுந்தால் அதை இரணைமடுக் குளம் அனுபவிக்கும், இரணைமடுவுக்குக் கீழே உள்ள அத்தனை வயலும் அனுபவிக்கும்.

ஆகவே என் முழு அனுபவத்தில் நான் உறுதியாக நம்புவது ஒன்றுதான்: அமிலத் தண்ணீரைத் தோண்டுவதற்கு முன் நிறுத்தலாம், பிறகு காலமெல்லாம் பராமரிக்கத்தான் முடியும். நிறுத்துவதற்கான சோதனை விலை கூடியதல்ல. துளையிட்டு எடுத்த கல்லைத் தூளாக்கிக் கந்தகம் எத்தனை வீதம் என்று பார்ப்பார்கள். ஒரு தொன் கல்லில் கந்தகம் 1 வீதம் இருந்தால், அதை அடக்க 31.25 கிலோ சுண்ணாம்புக்கல் தேவை. அந்தக் கல்லிலேயே இயற்கையாக அடக்கும் சக்தி எவ்வளவு இருக்கிறது என்று அடுத்துப் பார்ப்பார்கள். அடக்கும் சக்தி அமிலச் சக்தியை விடக் குறைவென்றால் அந்தக் கல் அமிலம் தரும். இரண்டு மூன்று மடங்கு கூடவென்றால் பொதுவாகப் பயமில்லை. இடையில் நின்றால் சந்தேகம், அப்போது கல்லை ஒரு குழாயில் அடைத்து வாரம் வாரம் நனைத்துக் கழுவி, 20 வாரத்துக்குக் குறையாமல் வரும் தண்ணீரை அளக்கவேண்டும். இதைச் செய்யாமல் யாராவது அமிலம் வராது என்று சொன்னால் அது நம்பிக்கை, அறிவியல் அல்ல.

இந்தச் சோதனை வன்னிக்கு வெளியேயும் எங்களுக்குத் தேவைப்படலாம். திருகோணமலை மாவட்டத்தின் சேருவிலவில் செம்பும் மக்னரைற் என்ற இரும்புக் கனியமும் சேர்ந்த படிவு இருக்கிறது, அதில் செம்புக் கந்தகக் கனியமும் பைரைற்றும் உண்டு. அந்த வகைக் கல்லை ஒருநாள் பெரிய அளவில் தோண்ட வந்தால், மேலே சொன்ன சோதனைதான் முதல் கேள்வியாக இருக்கவேண்டும். வன்னிக்குள்ளேயே நான் கவனமாக இருக்கச் சொல்லும் இடம் சுரங்கம் அல்ல, கடனீரேரி ஓரச் சேறு. கண்டல் வளர்ந்த கறுத்த சேற்றில் பைரைற் உருவாகும். ஈரமாக இருக்கும் வரை அது சாது. இறால் பண்ணைக்கோ வாய்க்காலுக்கோ தோண்டிக் கரையில் காயப்போட்டால் சுரங்கத்தில் நடப்பது அப்படியே நடக்கும். மாத்தறையில் நில்வளா கங்கை வெள்ளத் தடுப்புத் திட்டத்துக்குப் பிறகு தாழ்நில வயல்கள் அமிலமாகிப் பயிர் விளையாமல் போனதற்கு இதே வேதியியல்தான் காரணம். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஓரங்களில் எங்கே அப்படிச் சேறு இருக்கிறது என்பதைத் தோண்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது. சோதனை எளிது: ஒரு பிடிச் சேற்றை ஈரமாக வைத்துப் பிஎச் பாருங்கள், அதே சேற்றை இரண்டு மூன்று மாதம் ஈரக்கசிவோடு காற்றில் விட்டுத் திரும்பப் பாருங்கள். 4க்குக் கீழே விழுந்தால் அந்த இடத்தைத் தோண்ட விடாதீர்கள்.

இயங்கும் குவாரியைப் பற்றி: சட்டத்தில் உங்களுக்குப் பிடி இருக்கிறது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. குழியைச் சீர்செய்வதும் அதற்கான பிணைப் பணமும் அந்த ஏற்பாட்டில் அடக்கம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் பொறுப்பு இருக்கிறது. அனுமதிப்பத்திர நிபந்தனைகளின் பிரதியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். பழைய குழிக்கு அனுமதி யார் பெயரில் இருந்தது, பிணைப் பணம் என்ன ஆனது என்பதையும் அதே கடிதத்தில் கேட்கலாம். கிராம அலுவலர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருவருக்கும் பிரதி போகட்டும். பரிசோதகர் எடுத்து அனுப்பும் தண்ணீர் மாதிரிக்கு நீங்கள் எடுப்பதை விட அலுவலகங்களில் மதிப்பு அதிகம்.

ஆய்வுக்குத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தைக் கேளுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன, அங்கேயும் விசாரித்துப் பாருங்கள். குழித் தண்ணீர் ஒன்று, நிறம் வரும் கிணறு ஒன்று, குழியிலிருந்து நன்றாகத் தள்ளி மேட்டுப்பக்கம் இருக்கும் கிணறு ஒன்று என்று மூன்று மாதிரி எடுங்கள். மேட்டுக் கிணற்றிலும் அதே இரும்பு வந்தால் குழிக்கும் அதற்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. பிஎச், கடத்துதிறன், காரத்தன்மை, அமிலத்தன்மை, சல்பேற்று, இரும்பு, நைத்திரேற்று, புளோரைட்டு, ஈயம், ஆசனிக் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி, எடுத்த திகதியோடும் அதற்கு முன் கடைசியாக மழை பெய்த நாளோடும் இதன் கீழே போடுங்கள். எண்களைப் பார்த்துவிட்டு அடுத்து என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன்.